குறுக்கே ஓடும் பெல்ட்

14.10.1988, வெள்ளி

எங்கள் மாவு மில்லில் மிளகாய்த்தூள் சூடேறிக் கருத்து வருகிறது என்று ஒரு வாரமாகப் புகார். வேகத்தைக் குறைக்க இன்று பெல்ட் சுற்றும் சக்கரங்களில் மோட்டார் புல்லியை இரண்டு அங்குலம் சின்னதாகவும், மிஷின் புல்லியை இரண்டு அங்குலம் பெரியதாகவும் மாற்றினோம். புது பெல்ட் வாங்க என் வீட்டுக்காரர் தாம்பரத்துக்குக் கிளம்பினார்.

"ஒண்ணுல குறைஞ்சது இன்னொண்ணுல ஏறிடுச்சு. பழசே சரியா வரும், போட்டுப் பாருங்க" என்றேன்.

அரைமனதாகப் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. அரைக்க வந்தவர்களிடமெல்லாம் என் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் தரையில் டப்பாக்களையும் டம்ளர்களையும் வைத்து நூல் சுற்றிப் பார்த்தேன். எங்கள் பெல்ட் மாதிரி எட்டு வடிவில் நடுவில் குறுக்காக விட்டால், ஒன்று சிறுத்து மற்றது பெருத்தாலும் அதே நூல் போதுகிறது. குறுக்காக விடாமல் நேராகச் சுற்றினால் முடிச்சுப் போட எட்டவில்லை. திரும்பத் திரும்பச் செய்தும் அப்படியேதான்.

"இன்னா, சொப்பு வெச்சு விளையாடறியா?" என்று கேட்டுவிட்டு இவர் தூங்கிப்போனார்.

ஏன் அப்படி என்பது பிடிபடவில்லை. பெல்ட் குறுக்கே ஓடுவதால் என் கணக்கு தப்பிப் பிழைத்தது, அவ்வளவுதான்.

பக்கத்து அரிசி மில் துரை அண்ணன் மத்தியானம் என் கணக்கை ஆர்வமாகக் கேட்டார். உடனே லேத்துக்குப் போய் அதே மாதிரி புல்லி கடையச் சொல்லிவிட்டாராம். பழைய பெல்ட்டே போதும் என்றாராம்.

அவர் மில்லில் பெல்ட் நேராக ஓடுகிறது.