அணையாத பிரேக் விளக்கு

ஆகஸ்ட் 1991, வெள்ளி இரவு.

அண்ணன் இரும்புலியூரில் லாரியில் மோதி இறந்துபோன அதே காரைத்தான் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து ஓட்டுகிறேன். கார்புரேட்டரை மாற்றிய பிறகும் அது பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது.

இன்று மெக்கானிக் தாஸ் கோளாறைக் கண்டுபிடிக்கப் பல்லாவரத்திலிருந்து ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்தார். வாசலில் காரை நிறுத்தியதும் சக்கரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"இன்னா சார், இப்டி கொதிக்குது! வண்டில ஒரு கோளாறும் இல்ல. நீங்கதான் பிரேக் மேலயே காலை வெச்சிகினு ஓட்றீங்க. வழி முழுக்க பின்னாடி லைட்டு அணையவே இல்ல."

"நான் மிதிக்கவே இல்லைய்யா" என்று கத்திவிட்டேன். பாவம், அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இதை எழுதும்போதுதான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் வெளுத்துப்போகும் அளவுக்கு வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது. எடுக்கப் பார்க்கிறேன்.