வள்ளலின் பிறந்தநாள் பிரியாணி

என்னைத் தோளில் தூக்கிப்போய்ப் பொருட்காட்சி காட்டிய அண்ணே,

உன் மேல் பாறை சரிந்த குவாரியின் முதலாளி இப்போது ஊரறிந்த வள்ளல். பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாடி கட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டு சர்ச்சுகளுக்குப் பளபளவென்று கிரானைட் தரை. போஸ்டரில் கைகூப்பிச் சிரிக்கிறார். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவருடைய மேனேஜர் வந்தார். அம்மாவும் இல்லாத பிள்ளை, முதலாளி நடத்தும் அநாதை விடுதியில் சேர்த்துவிடுங்கள், காலேஜ் வரை அவர் பொறுப்பு என்றார். ஒரு தாளை நீட்டினார். உன் மகள் மலருக்கு உறவென்று யாருமில்லை என்று அதில் இருந்தது. அப்படி எழுதினால்தான் சேர்ப்பார்களாம். அவளுடைய அத்தை நானே அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். நஷ்டஈடு என்று வாய் திறக்கவில்லை. கும்பிட வேறு செய்தேன். என்னை என்னவென்று சொல்வாய்?

போன ஞாயிறு முதலாளிக்குப் பிறந்தநாள். விடுதியில் பிரியாணி என்று மலர் சொன்னதால் பார்க்கப் போனேன். ஒரு மணிக்கே இலையில் பரிமாறிவிட்டார்கள். கார் வந்தது மூன்று மணிக்கு. அதுவரை எந்தப் பிள்ளையும் கை வைக்கக் கூடாது. வந்த பிறகும் அவருடைய ஆயுளுக்கு ஒரு ஜெபம். மைக்கில் அதை வாசித்தது உன் மகள். எழுதிக் கொடுத்தபடி அவரை 'எங்கள் அப்பா' என்றாள். அண்ணே, அது உனக்குக் கேட்டதா?

பிறகு என் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அத்தே, எங்கப்பா பேர இங்க யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. நீ சொல்லலயா?"

வார்டனிடம் போய், பிள்ளையை இப்போதே கூட்டிப் போகிறேன் என்றேன். அவர் ஃபைலைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். "இந்தப் பிள்ளைக்குத்தான் யாருமே இல்லயேம்மா. நீங்க யாரு?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். சமயநல்லூர் வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்தேன்.

நாளை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகிறேன். அன்று போட்டது பொய்ச் சாட்சிக் கையெழுத்து என்று நானே எழுதியிருக்கிறேன். என்ன கேஸ் வந்தாலும் வரட்டும். உன் மகளை வீட்டுக்குக் கூட்டி வராமல் நான் ஓயமாட்டேன். இது சத்தியம்.

மனுவில் போட்டதைப் போலவே இங்கேயும் கையெழுத்திடுகிறேன்,
மலரின் அத்தை,
உன் கூடப்பிறந்த தங்கச்சி.