நாலாவது பெஞ்சில் உன் இடம்

என் ஆருயிர் மச்சான் செல்வராஜுக்கு,

அங்கே உட்கார இடம் கிடைத்ததா? கிடைத்த இடத்திலேயேதான் தினமும் உட்காருகிறாயா, இல்லை மாற்றி மாற்றி உட்காருகிறாயா? சிரிக்காதே, காரணமாகத்தான் கேட்கிறேன். போன ஞாயிறு நம்ம பெங்களூர் லிங்கராஜபுரம் சபையில் நான் செய்த காரியத்தைக் கேட்டால் நீ அங்கிருந்தே எழுந்து ஓடி வந்துவிடுவாய்!

பீன்யா ஃபாக்டரிக்கு நாம் வேலைக்குப் போன கம்பெனி பஸ் ஞாபகம் இருக்கிறதா? எந்த சீட்டிலும் யார் பெயரும் எழுதவில்லை. ஆனாலும் அவரவர் சீட்டு அவரவருக்குத்தான். ஒரு நாள் நாம் இரண்டு பேரும் முதலில் ஏறி, வேண்டுமென்றே நஞ்சுண்டப்பா சீட்டில் போய் உட்கார்ந்தோம். "ஏய், இது நன்ன சீட்டு!" என்று அந்த மனுஷன் கன்னடத்தில் குதித்த குதி இருக்கிறதே! அவர் போய் இன்னொருத்தர் சீட்டில் உட்கார, அந்த ஆள் வேறொருத்தரைக் கிளப்ப, பஸ் முழுக்க ரகளை. அன்றைக்கு ஃபாக்டரியே ஒரு மணி நேரம் லேட்டாக ஓடியது. சரி, சரி, பத்து நிமிஷம்.

அன்றைக்குத்தான் நான் அந்த விதியைக் கண்டுபிடித்தேன். மனுஷனை ஒரே இடத்தில் மூன்று தடவை உட்கார வை, நாலாவது தடவை அது அவன் அப்பன் வீட்டுச் சொத்து. எட்டாம் கிளாஸோடு நின்றவன் கண்டுபிடித்தது மச்சான்! பெரிய படிப்புப் படித்தவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீ மட்டும், "மச்சான் சொல்றதுல பாதியை எடுத்துக்கோங்க" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தாய்.

அந்த விதிதான் உன் வீட்டில் வினையாகிவிட்டது.

நம் சபையில் நாலாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம், உன் இடம். பக்கத்தில் என் தங்கச்சி ஸ்டெல்லா. நீ கண்ணை மூடிய பிறகு அவள் ஒரே ஒரு ஞாயிறுதான் வந்தாள். பின்னால் ஜனங்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள், உன் இடத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. மரியாதைக்குத்தான் விட்டார்கள். ஆனால் பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி அவள் கண் அங்கேயே போனது. வீட்டுக்கு வந்து, "அண்ணா, அந்தக் காலி இடம் என்னையே பாக்குது. இனிமே நான் வரலை" என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த மாதம் அதே சபையில் ஜெனிக்குக் கல்யாணம். உன் மகள்தான், பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்? "மாமா, அம்மா உள்ள வராம நான் அந்தப் படி ஏற மாட்டேன்." அம்மாக்காரியோ, "நான் வாசல்ல நின்னு பாத்துக்கிறேன்." நடுவில் நான். தாய்மாமன் என்றால் சும்மாவா?

யோசித்தேன். பஸ்ஸையே கலைத்தவர்கள் நாம், சபையைக் கலைக்க முடியாதா? எல்லாரும் இடம் மாறினால் உன் இடத்திலும் யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்? ஜெனியிடம், "எப்படியாவது ஒரே ஒரு வாட்டி கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு, போன ஞாயிறு சபைக் கதவு திறக்கும்போதே போய் மேரி டீச்சர் இடத்தில் உட்கார்ந்தேன்.

டீச்சர் வந்தார். நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்ன தேவசகாயம், இங்க?"

"ஃபேன் காத்து இங்கதான் நல்லா வருது டீச்சர்."

"முப்பது வருஷமா எனக்கு வராத காத்து உங்களுக்கு வருதா?"

முணுமுணுத்துக்கொண்டே முன் பெஞ்சுக்குப் போனார். அந்தப் பெஞ்சுக் குடும்பம் வந்து விழித்துவிட்டுப் பாடகர் குழு பக்கம் ஒதுங்க, பாடகர்கள் கடைசி வரிசைக்குப் போக, ஐந்தே நிமிஷத்தில் இரண்டாயிரம் பேரும் தலைகீழ்! சரி, இருநூறு. பாஸ்டர் ஐயா மேலேயிருந்து பார்த்து, வேறு சபைக்கு வந்துவிட்டோமோ என்று மிரண்டே போனார்.

ஆனால் மச்சான், என் விதி தோற்றுப்போனது. அத்தனை பேரும் மாறினார்கள். உன் இடம் மட்டும் அப்படியே காலி. இடம் கிடைக்காமல் நின்றவர்கள்கூட அதைத் தாண்டித்தான் போனார்கள். அப்படி என்ன வேலை பார்த்து வைத்திருக்கிறாய் அவர்களுக்கு?

அந்த நேரம் பார்த்து ஜெனி கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா உள்ளே வந்தாள். காலி இடத்தைப் பார்த்தாள். கால் நின்றுவிட்டது. அவ்வளவுதான், திரும்பப் போகிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் சுற்றிலும் பார்த்தாள். பாடகர்கள் கடைசியில். மேரி டீச்சர் முன்னால் முறைத்துக்கொண்டு. டீச்சர் இடத்தில் நான்.

"அண்ணா! பஸ்ல பண்ண வேலையை இங்கயும் பண்ணியா?"

சிரித்துவிட்டாள், மச்சான்! வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. சிரித்துக்கொண்டே போய்த் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் ஜெனி, இந்தப் பக்கம் நீ இல்லாத இடம். நான் எழுந்து போய் உன் இடத்தில் உட்கார்ந்தேன். வேறு யார் உட்காருவார்கள்?

பிரசங்கம் நீண்டது. எனக்குக் கொட்டாவி வந்தது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பார்வை பாஸ்டர் மேல்தான். உள்ளங்கையில் ஒரு பெப்பர்மிண்ட்.

உனக்குக் கொடுக்கிற கை அது. பக்கத்தில் ஒரு கொட்டாவி வந்தால் போதும், தானாக நீளும்போல. மனசுக்குச் சேதி தெரிந்து இத்தனை மாதம் ஆகிறது, கைக்கு யாரும் சொல்லவில்லையா?

யாருக்கு நீட்டுகிறோம் என்று அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது. ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பெப்பர்மிண்ட் எனக்கு ஆகாது, தும்மல் வரும், உனக்குத் தெரியும். எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"கடிக்காத, சப்பு. சத்தம் கேக்குது" என்றாள் மெதுவாக.

உன்னிடம் சொல்வது மாதிரியேதான்.

கல்யாணத்தன்று ஜெனியைக் கைபிடித்து அழைத்துப் போய் மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நேராக உன் இடத்துக்கு வந்துவிடுவேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அங்கேதான். அந்தக் கை நீளும்போதெல்லாம் வாங்கிக்கொள்வேன், தும்மல் வந்தாலும். நான் சொல்வதில் எப்போதும் பாதியைக் குறைப்பாயே, இதில் மட்டும் குறைக்காதே.

உன் இடத்தைச் சூடாக வைத்திருக்கும்,
உன் மச்சான், உன் ஜெனியின் தாய்மாமன்,
தேவசகாயம்