உதட்டைக் கடித்த மைக்

ஜூன் 9, திங்கள்

நடந்ததை நடந்தபடியே இதில் எழுதுவேன். எனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எழுதமாட்டேன்.

இன்று எங்கள் ரேடியோ கிளப்பில் பேசுவதற்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! இருபத்தொன்றாம் தேதி மழைக்கால ஒத்திகை. மண் சரிந்து செல்போன் டவர் விழுந்தால் செய்தி அனுப்புவது எப்படி என்று அருவங்காட்டிலிருந்து எங்கள் பள்ளி, கீழ் கோத்தகிரியில் ஓர் எஸ்டேட் ஆபீஸோடு பேசிக் காட்டப்போகிறது. அப்பா தங்கி வேலை செய்யும் அதே எஸ்டேட். போனில் சொன்னதும், "லீவு போட்டுட்டு ஆபீஸ் வாசல்லயே நிக்கறேன் கண்ணு" என்றார்.

லைசென்ஸ் இயற்பியல் ஆசிரியர் கொர்னேலியஸ் சாருடையது. அவர் பக்கத்தில் இருந்தால் நாங்கள் பேசலாம். நடுவில் மலை என்பதால், சிக்னலைப் பெருக்க ஓர் ஆம்ப்ளிஃபயர் இரவல் வாங்கி வந்திருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

மைக் என் உதட்டைக் கடித்தது. வேறு எப்படி எழுதுவது? ஆம்ப்ளிஃபயரைப் போட்டுவிட்டுப் பேசத் தொடங்கியதும் ஊசி குத்தியதுபோல் — மைக்கை விட்டுவிட்டேன். மேஜையோரத்தில் தொங்கி ஆடியது. ரேடியோவோடு தொடர்பே இல்லாத தலைமையாசிரியை அறை ஸ்பீக்கரில் என் குரல் கோழி கொக்கரிப்பதுபோல் வந்ததாம். எல்லோரும் சிரித்தார்கள்.

"பயந்துட்டியா? என்னை ஒண்ணும் பண்ணலையே?" என்றார் சார்.

அவரை எப்படிக் கடிக்கும்? கொரோனாக் காலத்திலிருந்து அவர் மைக்கின்மேல் கைக்குட்டை சுற்றித்தான் பேசுவார்.

ஜூன் 13, வெள்ளி

"கலைமதி கொஞ்சம் நெர்வஸ். பிரிஸில்லா பேசட்டும்" என்றார் சார். அவ்வளவுதான், முடிந்தது.

பிரிஸில்லா என் பெஞ்சு. என் சிநேகிதி. அவளையும் கடிக்குமே?

ஜூன் 16, திங்கள்

நூலகத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஆன்டெனாவுக்குப் போகவேண்டிய சக்தியில் ஒரு பங்கு, கேபிளின் உலோக மேலுறை வழியாகத் திரும்பி ரேடியோவுக்கே வந்தால் மைக் கடிக்குமாம். முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்கிறது. ரேடியோவிலிருந்து ஒரு செம்புப் பட்டை ஜன்னல் வழியே இறங்கி, மண்ணில் அடித்த கம்பியோடு சேர்கிறதே, அதுதான் எர்த்.

மதியம் லேப் மீட்டரோடு போனேன். பிரிஸில்லா குடை பிடித்தாள். பட்டையில் ஒரு முனை, கம்பியில் ஒரு முனை. இணைப்பு இருந்தால் 'பீப்' வரவேண்டும். வரவில்லை. பட்டையைக் கம்பியோடு பிடித்திருக்கும் கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் கம்பி பச்சையாக இருந்தது!

மூடுபனியில் துருப்பிடிக்கும் என்று, ஆண்டு விழாவுக்கு முன் எங்கள் பள்ளியில் இரும்பு என்று எது இருந்தாலும் பச்சை பெயிண்ட் அடித்துவிடுவார்கள். கேட், மணி, குழாய். எர்த் கம்பிக்கும் அடித்திருக்கிறார்கள். அந்தப் பெயிண்டின்மேல் கிளாம்ப். காம்பஸ் முனையால் இரண்டு இடத்தில் சுரண்டி, ஒன்றில் பட்டையை அழுத்தி, மற்றதில் மீட்டர் முனையை வைத்தேன். பீப்!

"ஏண்டி, இது சார் மாட்டுன கிளாம்ப்பு. வாய மூடிட்டு இரு" என்றாள் பிரிஸில்லா.

ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்: "படிச்ச மனுசன நாலு பேரு முன்னால கொறை சொல்லாத. தனியாப் போய்ச் சொல்லு."

ஜூன் 17, செவ்வாய்

தனியாகப் போய்ச் சொன்னேன். பெயிண்டையும் சொன்னேன், கேபிளை ஜன்னலுக்கு வெளியே ஏழெட்டுச் சுற்றுச் சுருட்டிக் கட்டினால் திரும்பி வருவது தடைபடும் என்று புத்தகத்தில் இருப்பதையும் சொன்னேன்.

"அதெல்லாம் பாத்துதாம்மா மாட்டினேன். நீ டென்த். படிக்கிற வேலையைப் பாரு."

ஜூன் 18, புதன்

கம்பி பளபளக்கிறது. பெயிண்டே இல்லை. கேபிள் சுருட்டிக் கட்டியிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், எட்டுச் சுற்று.

காலை வழிபாட்டில் சார்: "எர்த்துல ஒரு சின்னக் கோளாறு. கண்டுபிடிச்சுச் சரிபண்ணிட்டேன்." கைதட்டல். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்?

"அப்போ நான் பேசலாமா சார்?"

"பிரிஸில்லா பழகிட்டாளேம்மா."

பிரிஸில்லாவைக் குழாயடியில் பிடித்தேன். "நீயும்தானே பாத்தே, சொல்லேண்டி."

"சொன்னா என்னையும் எடுத்துருவாரு. கண்டுபுடிச்சது நீதான்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பத்தாதாக்கும்?"

பத்தாதுடி. பத்தவே பத்தாது. நாலு பேர் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கணும். அம்மா பேச்சைக் கேட்டேன் பாரு.

ஜூன் 20, வெள்ளி

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லத்தான் போன் எடுத்தேன். "நாளைக்கு எந்தச் சட்டை போடட்டும்?" என்று கேட்டார். ரேடியோவில் சட்டை தெரியாதுங்கப்பா என்றேன். "இருந்தாலும்..." என்றார்.

ஜூன் 21, சனி

ஒத்திகை நன்றாக நடந்தது. பிரிஸில்லா கைக்குட்டை இல்லாமலே பேசினாள். மைக் கடிக்கவில்லை. ரேடியோவில் யாரும் தன் பெயர் சொல்வதில்லை, பள்ளி நிலையத்தின் குறியீடு மட்டும்தான். நான் நாற்காலிகளை எடுத்துப் போட்டேன்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார்.

"உன் கொரலு கொஞ்சம் மாறித்தான் இருந்துச்சு கண்ணு. ரேடியோல அப்பிடித்தான் வரும்னு ஆபீஸ்ல சொன்னேன். எம்பொண்ணு எம்பொண்ணுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டேன் போ!"

"சத்தம் தெளிவா இருந்துச்சுங்களாப்பா?"

"கண்ணாடியாட்ட!"

"சரிங்கப்பா" என்றேன்.

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.