வாசலைப் பார்க்காத நரி

அன்புள்ள ஹெட்லி,

என் எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கும், பொறுத்துக்கொள். எழுபத்தொரு வயதில், போன குளிர்காலத்தில்தான் படிக்கக் கற்றேன். இந்தப் பக்கத்தை எழுத இரண்டு நாள் ஆனது. சிரிக்காதே. சரி, சிரி.

படிக்கத் தெரிந்ததும் பெட்டியில் கிடந்த உன் பழைய கடிதத்தை எடுத்தேன். "பப்பின் வாசல் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. நீ உள்ளூர்க்காரன். நரி வாசலைப் பார்த்து ஓடுகிற மாதிரி கட்டையில் செதுக்கு. உன் அச்சைப் பார்த்து அப்படியே பப்பின் பெயர்ப்பலகையில் வரைகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அன்று யாரிடமும் படித்துக் காட்டச் சொல்ல வெட்கப்பட்டு, நரி என்று முன்பே பேசியிருந்ததை வைத்து என் இஷ்டத்துக்குச் செதுக்கினேன்.

பலகையைச் சுவரில் மாட்டியதும், "உங்க நரிகூட எதிர்த்த பப்புக்குத்தான் குடிக்க ஓடுது!" என்று ஊரே சிரித்தது. "நான் சரியாத்தான் வெட்டினேன். இவன்தான் திருப்பி வரைஞ்சுட்டான்" என்றேன். உன் கடிதத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் குட்டு உடைந்திருக்கும். நீ தூரிகைகளை எடுத்துக்கொண்டு பேசாமல் போனாய். ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

தப்பு என்னுடையது. நேற்று பப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். பப் நடத்தும் ப்ராசர் அம்மா, "அடப் பெரிசு, இப்பவாவது வாயத் திறந்தியே! அந்த ஹெட்லியவே வரச் சொல்லு, புதுசா வரையட்டும்" என்றாள்.

புதுக் கட்டை செதுக்கிவிட்டேன். அச்சு இதோடு இருக்கிறது. நரி வாசலைப் பார்க்கிறது. வரைவாயா?

நீ பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அடுத்த வாரமும் எழுதுவேன். ஒன்பது வருடப் பேச்சு பாக்கி இருக்கிறது.

உன் பழைய கூட்டாளி