கழற்றாத கோட்டு

மார்ச் 3

சின்னவள் நேற்றும் ஷூவோடுதான் தூங்கினாள். தூங்கிய பிறகு கழற்றி வைத்தேன். காலையில் பார்த்தால் மறுபடி காலில் இருக்கிறது. இவளுக்கு ‘வாயாடி’ என்று பேர் வைத்ததே நான்தான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் ஒரே கேள்வி: “எப்பப்பா வீட்டுக்குப் போறோம்?”

ஏன் கேட்க மாட்டாள்? “சும்மா சுத்திப் பாத்துட்டு வந்துடலாம்” என்று சொல்லித்தானே விமானத்தில் ஏற்றினேன். அன்றைக்கு அவள் அழுகையை நிறுத்த வேறு வழி தெரியவில்லை. மனைவிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வீட்டையும் இரண்டு பெண்களையும் பார்ப்பது என் வேலை. என்ன லட்சணத்தில் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

மார்ச் 6

டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் பெரியவள் சொன்னாள். வாயாடி வகுப்புக்குள்ளும் கோட்டைக் கழற்றுவதில்லையாம். முதுகில் பையும் அப்படியே. யாரோடும் விளையாட்டு இல்லை. “கிளம்பத் தயாரா உக்காந்திருக்கற மாதிரியே இருக்காளாம்ப்பா.”

டீச்சரிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 7

இன்றைக்கும் கழற்றவில்லையாம்.

மார்ச் 11

மனைவி பிடித்துக்கொண்டாள். “இன்னும் எத்தனை தடவை ‘அடுத்த வாரம்’னு சொல்லப் போறீங்க? உண்மையச் சொல்லித் தொலைங்க.”

“சொன்னா அழுவாடி.”

“அழட்டுமே. அதுக்கு நீங்க ஏன் இப்படி நடுங்குறீங்க?”

ஏன் நடுங்குகிறேன்? அழுகைக்கா? இல்லை. அழுது முடித்து என்னை ஒரு பார்வை பார்ப்பாளே — அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன்.

மார்ச் 13

எழுத்தெல்லாம் கோணல்மாணலா வருது.

பள்ளிக்கூடம் விட்டாச்சு. பெரியவ வந்துட்டா. இவளக் காணோம். வகுப்புல இல்ல, கழிவறையில இல்ல, எங்கயும் இல்ல. டீச்சர் முகம் வெளுத்துப்போச்சு. ஐயோ, ரோட்டுல போற வண்டிங்க — யாராவது கூட்டிட்டுப் போயிருந்தா? யாரைக் கேக்கிறது, என்னன்னு கேக்கிறது? படிச்சு வச்ச நாலு வார்த்தையும் மறந்துபோச்சு. நடுத்தெருவுல தமிழ்ல கத்தினேன். போறவங்க வர்றவங்க பைத்தியம்னு ஒதுங்கிப் போனாங்க.

பெரியவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். “அப்பா, நாம வந்த பஸ்!”

தெருமுனை நிறுத்தத்தில் விமான நிலையம் போகிற பஸ் நின்றது. டிரைவர் கீழே இறங்கி, பதற்றத்தோடு யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். உள்ளே முதல் வரிசையில் வாயாடி, மடியில் காலிப் பை. அவள் பக்கத்து இருக்கையில் என் துண்டு. பின் இருக்கை ஒன்றில் அவள் அம்மாவின் சீப்பு, இன்னொன்றில் அக்காவின் ஒற்றைச் செருப்பு.

“எங்கடி வந்த? உயிரே போயிடுச்சுடி எனக்கு!”

“நீதான் மறந்து மறந்து போயிடறியே. அதான் எல்லாருக்கும் எடம் புடிச்சு வச்சேன். அம்மாவ சீக்கிரம் வரச் சொல்லு.”

முதுகில் ஒன்று வைக்கத்தான் கையை ஓங்கினேன். துண்டைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது. அங்கேயே, அந்த பஸ்ஸிலேயே சொல்லிவிட்டேன். நாம திரும்பிப் போகல, இனிமே இங்கதான், அப்பா உங்கிட்ட சொன்னது பொய்.

அவள் அழவில்லை. துண்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள்.

மார்ச் 16

என்னோடு ‘காய்’. சோறு அம்மா ஊட்ட வேண்டும், ஜடை அக்கா போட வேண்டும். நான் எதிரே வந்தால் சுவரைப் பார்க்கிறாள். அழுது தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

கதவு பூட்டியிருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். பள்ளி விடுவதற்கு வெகுநேரம் முன்பே போய் வாசலில் நிற்கிறேன். அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலாளி என்றே நினைத்திருப்பார்கள்.

இவ ஜென்மத்துக்கும் என்னை நம்புவாளா?

மார்ச் 20

நேற்று வெறுங்காலோடு தூங்கினாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கண் பட்டுவிடும்.

மார்ச் 27

இன்று பள்ளியில் பாட்டு நிகழ்ச்சி. இரண்டு பெண்களும் மேடையில். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. “அப்பா சீக்கிரமே வந்துடுவேன்” என்று காலையில் சுவரைப் பார்த்திருந்தவளிடம் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினேன். பஸ் கழுத்தறுத்துவிட்டது. ஓடிப்போய்ச் சேர்ந்தால் கூடம் நிறைந்து, சுவரோரமெல்லாம் ஆட்கள் நிற்கிறார்கள். போச்சு, இதுவும் பொய் என்றுதான் நினைப்பாள்.

முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி காலி. அதன்மேல் ஒரு சின்னக் கோட்டு விரித்துக் கிடந்தது. வாட்டசாட்டமான ஒருவர் அதை எடுத்து ஓரமாக வைக்கக் குனிந்தார்.

“அது எங்கப்பா எடம்!”

மேடையிலிருந்து வாயாடி, தமிழில், கூடமே அதிர. அந்த மனுஷருக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது? ஆனாலும் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.