ரோக்கியின் புண்ணும் கோமளாவின் நெற்றியும்

7 ஜூலை, ஞாயிறு
எங்கள் நாய் ரோக்கிக்கு எண்ணெய் போட்டாயிற்று. மூன்று மாதமாகச் சொறி. கோழியை நிறுத்திப் பார்த்தேன், மீனை நிறுத்திப் பார்த்தேன், குணமில்லை. என் வீட்டுக்காரர் ஹரிதாஸ்தான் தன் லோரி எஞ்சினில் வடித்த பழைய கருப்பெண்ணெயில் கந்தகம் குழைத்து வைத்திருக்கிறார். வாராவாரம் ஞாயிறு காலை அதுதான் மருந்து. "எங்க எஸ்டேட்ல எல்லா நாயும் இதுலதான் தேறுச்சு," என்கிறார். ரோக்கி ஊளையிட்டுத் திமிறியது. கழுத்தை முழங்காலால் அமுக்கிக்கொண்டு தேய்த்தேன். சனியன், நல்லதுக்குத்தானே செய்கிறேன்!

8 ஜூலை, திங்கள்
முதுகு முழுக்க வெந்த தோல். போன திங்களும் இப்படித்தான். யாரோ சுடுதண்ணீர் ஊற்றுகிறார்கள். யாரோ என்ன யாரோ? பக்கத்து வீட்டுக் கோமளாதான். நாய் குரைத்தால் தூக்கம் கெடுகிறதாம், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். பத்து பெரண்டாம் பக்கம் ஒரு பேக்டரியில் வாரம் முழுக்க வேலை. ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

10 ஜூலை
ஹரிதாஸ்: "இந்த வாரமும் தேறலன்னா செலண்டார் பக்கம் செம்பனைக்காட்டுல இத விட்டுட்டு வந்துடுவேன். வீடே நாறுது லா."
அது என் பிள்ளை. அந்தக் கோமளாவை விடமாட்டேன்.

14 ஜூலை, ஞாயிறு
காலையில் எண்ணெய் போட்டுவிட்டு ஜன்னலோரம் காவல் இருந்தேன். மத்தியானம் கோமளா வாளியோடு வேலிப்பக்கம் வந்தாள். ஆவி பறந்ததா? பறந்ததாகத்தான் தெரிந்தது. கேட்டுக்கு முட்டுக் கொடுத்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
"ஏண்டி, வாயில்லா ஜீவன வேக வைக்கிறியா?"
ஒரே அடியில் அவள் நெற்றி பிளந்துவிட்டது. கண்ணெல்லாம் ரத்தம்.
"நிர்மலா... துணி அலசுன தண்ணிடி..."
அதைக் கேட்ட பிறகும் இன்னொன்று போட்டேன். தோளில். ஹரிதாஸ் என் முடியைப் பிடித்து இழுத்தபிறகுதான் நிறுத்தினேன். அவரையும் கடித்துவிட்டேன்.

15 ஜூலை
அவளுக்குத் தையல். என்னை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். எனக்கு வருத்தமில்லை. சுடுதண்ணீர்தான் என்று நாய் டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன்.

16 ஜூலை
ஆயர் குரோவில் நாய் டாக்டர் கிளினிக். டாக்டர் புனிதா புண்ணைத் தொட்டு, விரலை முகர்ந்தார். "என்ன தடவுறீங்க?"
சொன்னேன்.
"மொதல்ல வந்தது வெறும் சொறிப்பூச்சி. மருந்துலயே போயிருக்கும். இது அந்த எண்ணெய் வேக வச்ச புண்ணும்மா. தடவத் தடவ வெந்திருக்கு. நக்குனதுல வயித்துக்குள்ளயும் போயிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா செத்திருக்கும்."
ஞாயிறு தடவினால் திங்கள் வேகாமல் என்ன செய்யும்? ஐயோ, நான்தானா? அந்தக் கழுத்து மேல முட்டி போட்டு அமுக்கினேனே!
வீட்டுக்கு வந்து எண்ணெய் டின்னைச் சுவரில் அடித்தேன். "எங்க எஸ்டேட்ல..." என்று ஹரிதாஸ் ஆரம்பித்தார். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அவர் மண்டையும் உடைந்திருக்கும்.

18 ஜூலை
கோமளா வீட்டு வாசலில் நின்றேன். கதவு திறக்கவில்லை. ஜன்னலிலிருந்து, "போ. எதுவா இருந்தாலும் கோர்ட்ல சொல்லு."

11 ஆகஸ்ட்
அடுத்த வாரம் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன்.
ரோக்கிக்கு முடி முளைக்கிறது. மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டப் போனேன். என் கை முதுகில் பட்டதும் மணிக்கட்டைக் கவ்விவிட்டது. ரத்தம் சொட்டியது. ஹரிதாஸ் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.
"விடுங்க. அதாச்சும் ஆளு தெரிஞ்சு கடிச்சிருக்கு."